டேப்லெட் திரை ஏன் 9.7 இன்ச், ஏன் 10 இல்லை?

கேள்வி இதுதான்: டேப்லெட் செய்பவர்கள் திரையின் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? 7.9, 9.7, 10.1, 10.9 என்று அரைகுறை எண்களாகவே வருகின்றனவே, பேசாமல் 8, 10, 12 என்று முழு எண்ணாக வைத்தால் என்ன? இதற்குப் பின்னால் ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா, இல்லை சந்தையில் கிடைக்கிற திரைப் பேனலை வாங்கி மாட்டிவிடுகிறார்களா?

இரண்டும் நடக்கிறது. ஆனால் அந்த எண் கடைசியில் வருவது. முதலில் முடிவாவது அகலமும் உயரமும்தான். கை எவ்வளவு அகலத்தைத் தாங்கும், விரலுக்கு எவ்வளவு பெரிய பட்டன் வேண்டும், ஏற்கெனவே இருக்கிற ஆப்கள் எத்தனை பிக்சலை எதிர்பார்க்கின்றன, தொழிற்சாலைக் கண்ணாடியில் எத்தனை துண்டு தேறும் என்பதெல்லாம் சேர்ந்து அந்த இரண்டு பக்கங்களையும் நெருக்கி ஓரிடத்தில் நிறுத்திவிடும். அப்புறம் மூலைக்கு மூலை அளந்தால் ஒரு எண் வரும். பெட்டியில் அச்சாவது அது.

அதனால் மூலைவிட்டம் என்கிற அளவையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. இரண்டு டேப்லெட்களில் 10 இன்ச் என்று போட்டிருந்தால் இரண்டும் ஒரே பரப்பு என்று ஆகிவிடாது. 4:3 வடிவத்தில், அதாவது நீண்ட பக்கம் 4 பங்கு என்றால் குறுகிய பக்கம் 3 பங்கு என்ற விகிதத்தில், 10 இன்ச் திரை என்றால் 8-க்கு 6 இன்ச். பரப்பு 48 சதுர இன்ச். அதே 10 இன்ச் 16:9 வடிவத்தில் வந்தால் ஏறக்குறைய 8.7-க்கு 4.9, பரப்பு 42.7 சதுர இன்ச்தான். ஒன்பதில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது, பெட்டியில் எண் மட்டும் மாறவில்லை. திரை நீளமாகி ஒடுங்க ஒடுங்கப் பரப்பு குறையும், பேனலின் செலவும் கூடவே குறையும். ‘பெரிய’ திரையை மலிவாகத் தர நினைப்பவருக்கு இது வசதியான கணக்கு.

ஆகவே உள்ளே நடக்கிற முதல் சண்டை வடிவத்தைப் பற்றியது. சினிமா பார்க்கத்தான் வாங்குவார்கள் என்று நம்பினால் 16:9 பக்கம் சாய்வார்கள். படிக்க, எழுத, வரைய என்று நினைத்தால் 4:3. 2010-இல் முதல் ஐபேட் 4:3-இல் வந்தது. மறு ஆண்டு மோட்டோரோலா ஜூம் 10.1 இன்ச்சில் 16:10-ஐ எடுத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் பெரும்பாலானவை அந்த வழியில் போயின. மைக்ரோசாஃப்ட் 2012-இல் சர்ஃபேஸை 10.6 இன்ச், 16:9-இல் கொண்டுவந்தது. மேசையில் படுக்கை வசத்தில் வைத்தால் அழகாகத்தான் இருந்தது; கையில் நிமிர்த்திப் பிடித்தால் ரசீதுப் புத்தகம் மாதிரி ஒடுக்கமாக நீண்டு நின்றது. 2014-இல் சர்ஃபேஸ் புரோ 3 வந்தபோது 12 இன்ச், 3:2 என்று மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டு கூகுளின் நெக்சஸ் 9-உம் 4:3-க்கு வந்தது. சாம்சங் 2015-இல் டேப் எஸ்2-வில் 4:3-க்குப் போய், 2018-இல் டேப் எஸ்4-இல் 16:10-க்கே திரும்பியது. இதில் எது சரி என்று ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. என் கருத்தைக் கேட்டால், படிக்கிறவருக்கு 4:3-உம் 3:2-உம்தான் நியாயமான வடிவங்கள். 16:10 படம் பார்ப்பவருக்கு.

காகிதத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஏ5 தாளின் மூலைவிட்டம் 257 மி.மீ., அதாவது 10.1 இன்ச். ஏ4-உடையது 14.3 இன்ச். அப்படியானால் 10 இன்ச் டேப்லெட்டில் ஒரு ஏ4 பக்கத்தை முழுதாகத் திறந்தால் அது ஏ5 அளவுக்கு, கிட்டத்தட்ட 71 சதவீதமாகச் சுருங்கும். 11 புள்ளி எழுத்து 8 புள்ளிக்கும் கீழே போய்விடும். கண்ணாடி போட்டவர்களுக்கு இது வேதனை. 12.9 இன்ச் ஐபேட் புரோவின் திரை 263-க்கு 197 மி.மீ. ஏ4 தாளில் நாலு பக்கமும் விடும் ஓரத்தைக் கழித்துவிட்டால், அச்சடித்த பகுதி அதில் ஏறக்குறைய நிஜ அளவிலேயே உட்கார்ந்துவிடும். இசைக் குறிப்பை வைத்து வாசிப்பவர்களும் கட்டட வரைபடம் பார்ப்பவர்களும் அந்த அளவைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம்.

சரி, பெரிதாகவே செய்துவிடலாமே என்றால் அங்கே கை குறுக்கே நிற்கிறது. எடையை மட்டும் பார்த்தால் இந்த விஷயம் புரியாது. டேப்லெட்டை ஒரு கையால் ஓரத்தில் பிடிக்கும்போது அதன் எடை மணிக்கட்டிலிருந்து பாதி அகலம் தள்ளி நின்று கீழே இழுக்கிறது. முதல் ஐபேட் 680 கிராம், அகலம் 190 மி.மீ. 2012-இன் ஐபேட் மினி 308 கிராம், அகலம் 135 மி.மீ. எடை பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் மணிக்கட்டைத் திருகும் விசையைக் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வருகிறது. படுத்துக்கொண்டு படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். சாம்சங்கின் முதல் கேலக்ஸி டேப், 7 இன்ச், 120 மி.மீ. அகலம். அந்த அகலத்தைப் பெரியவர்களின் கை பெரும்பாலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வளைத்துப் பிடித்துவிடும். அதைத் தாண்டினால் பிடி மாறுகிறது: ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பின்பக்கத்தை விரல்களில் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நெடுநாள் திரையைச் சுற்றித் தடியான கறுப்புச் சட்டம் இருந்தது. கட்டைவிரல் உட்கார ஓரிடம் வேண்டாமா? ஐபேட் மினியில் பக்கச் சட்டத்தை ஒல்லியாக்கியபோது, ஓரத்தில் சும்மா படிந்திருக்கும் கட்டைவிரலைத் தொடுதலாக எடுத்துக்கொள்ளாமல் விடும்படி மென்பொருளையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். 2020-இல் வந்த கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டின் திரை 10.4 இன்ச், ஆனால் வடிவம் 5:3. அதன் குறுகிய பக்கத்தைக் கணக்கிட்டால் 136 மி.மீ. வரும். 16:10 வடிவத்தில் 10.1 இன்ச் திரையின் குறுகிய பக்கமும் அதே 136 மி.மீ.தான். எண் கூடியிருக்கிறது, நிமிர்த்திப் பிடிக்கிற கைக்குத் திரை அகலம் கூடவில்லை.

இனி அந்த 9.7-க்கு வருவோம். இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். முதல் ஐபேடின் திரை 1024-க்கு 768 பிக்சல். அந்தப் பத்தாண்டில் மேசைக் கணினி மானிட்டர்களில் மிகப் பழகிய கணக்கு அது, இணையப் பக்கங்களும் அந்த அகலத்தை மனதில் வைத்தே செய்யப்பட்டன. இன்ச்சுக்கு 132 பிக்சல் என்று வைத்தால் நீண்ட பக்கம் 197 மி.மீ. வரும். சாதாரண கீபோர்டில் ஒரு எழுத்தின் நடுவிலிருந்து அடுத்த எழுத்தின் நடு வரை சுமார் 19 மி.மீ.; மேல் வரிசையில் பத்து எழுத்துகள் என்றால் 190 மி.மீ. ஆக, டேப்லெட்டைப் படுக்கை வசத்தில் வைத்தால் இரண்டு கையாலும் தட்டக்கூடிய ஒரு கீபோர்டுக்கு அது கிட்டத்தட்டப் போதும். கண்ணாடித் திரையில் விரலால் நேரடியாகத் தட்டச்சு செய்ய முடியுமா என்ற யோசனையிலிருந்துதான் டேப்லெட் வேலையே தொடங்கியது என்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் ஒரு மாநாட்டு மேடையில் சொல்லியிருக்கிறார். அதோடு சேர்த்துப் பார்த்தால் 197 மி.மீ. தற்செயலாகத் தோன்றவில்லை.

இந்த ஒரு அளவு பிடிபட்டால் ஐபேடின் மற்ற இரண்டு அளவுகளும், 7.9-உம் 12.9-உம், தானாக வந்துவிடும். ஐபேட் மினிக்கு அதே 1024-க்கு 768 பிக்சலை வைத்தார்கள். ஏற்கெனவே இருந்த ஆப்கள் எதையும் திருத்தாமல் ஓட வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. அடர்த்தியை மட்டும் 132-இலிருந்து 163-க்கு உயர்த்தினார்கள். 9.7-ஐ 132-ஆல் பெருக்கி 163-ஆல் வகுத்துப் பாருங்கள், 7.86 வரும். அதைத்தான் 7.9 என்கிறோம். ஏன் 163? 2007-இல் வந்த முதல் ஐபோனின் அடர்த்தி அதுதான். தொடுவதற்கான ஒரு பட்டன் குறைந்தது 44 அலகு (இந்தக் கருவிகளில் ஓர் அலகு என்பது ஒரு பிக்சல்) இருக்க வேண்டும் என்பது ஆப்பிள் ஆப் எழுதுபவர்களுக்குச் சொல்லும் விதி. பெரிய ஐபேடில் அந்த 44 அலகு 8.5 மி.மீ.; மினியில் 6.9 மி.மீ. சின்னதுதான், ஆனால் அதே 6.9 மி.மீ. பட்டனை ஐபோனில் கோடிக்கணக்கான விரல்கள் ஐந்து வருடமாகத் தொட்டுக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே இறங்குவதுதான் ஆபத்து; 7.9-இல் நின்றுவிட்டார்கள்.

இதற்கு முந்தின கதை தெரிந்தால் இன்னும் சுவாரசியம். 2010 அக்டோபரில், ஜாப்ஸ் 7 இன்ச் டேப்லெட்களைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். அவற்றின் பரப்பு ஐபேடில் 45 சதவீதம்தான், அதில் தொட வேண்டுமானால் வாங்குபவர் விரலைத் தேய்க்க உப்புத்தாளும் கூடவே தர வேண்டும் என்கிற தோரணையில் பேசினார். மூன்று மாதம் கழித்து, 2011 ஜனவரியில், ஆப்பிளின் எடி கியூ சக அதிகாரிகளுக்கு எழுதிய மின்னஞ்சலில் 7 இன்ச்சுக்குச் சந்தை இருக்கிறது, நாமும் ஒன்று செய்ய வேண்டும் என்கிறார். ஜாப்ஸிடம் சொன்னபோது அவர் காது கொடுத்துக் கேட்டார் என்றும் அதில் இருக்கிறது. சாம்சங்குடன் நடந்த வழக்கில் 2012-இல் அந்த மின்னஞ்சல் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆனால் ஜாப்ஸின் எதிர்ப்பிலும் விஷயம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்: ஆப்பிள் கடைசி வரை 7 இன்ச் செய்யவில்லை. 16:10-இல் 7 இன்ச் என்றால் பரப்பு 22 சதுர இன்ச், 4:3-இல் 7.9 என்றால் 30. எண்ணில் ஒன்று கூடக் கூடவில்லை, பரப்பிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது.

12.9-க்கும் இதே போல ஒரு கணக்கு இருக்கிறது. 2012-இல் ஐபேடின் பிக்சல் இரு பக்கமும் இரட்டிப்பாகி 2048-க்கு 1536 ஆனது, அடர்த்தி 264. 2015-இல் வந்த பெரிய ஐபேட் புரோவின் குறுகிய பக்கம் 2048 பிக்சல், அடர்த்தி அதே 264. சின்னதன் நீண்ட பக்கமே பெரியதன் குறுகிய பக்கம். 4:3 வடிவத்தில் இதைச் செய்தால் மொத்த அளவும் மூன்றில் நான்கு மடங்காகும்: 9.7-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 12.93. பெரிய டேப்லெட்டைப் படுக்க வைத்தால், சின்ன ஐபேடை நிமிர்த்திப் பிடித்த உயரம் முழுசாக அதில் கிடைக்கும், பக்கத்தில் இன்னொரு ஆப்புக்கு இடமும் மிச்சம். இதை 13 இன்ச்சுக்கு ‘ரவுண்டு’ பண்ண யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனால் கணக்கு 12.9-இல் நின்றது.

ஆண்ட்ராய்டில் இந்தக் கட்டாயம் வேறு மாதிரி. அங்கே நூற்றுக்கணக்கான அளவுகள் இருப்பதால் இன்ச்சில் 160-இல் ஒரு பங்கை ஓர் அலகாக வைத்துக்கொண்டு, குறுகிய பக்கம் 600 அலகைத் தொட்டால் சின்ன டேப்லெட், 720-ஐத் தொட்டால் பெரிய டேப்லெட் என்று எல்லை வகுத்தார்கள். 2011-இல் ஆண்ட்ராய்டு 3.2-இல் இது வந்தது. அதற்கு முந்தின 3.0, 10 இன்ச்சை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 16:10-இல் 7 இன்ச் திரையின் குறுகிய பக்கம் 3.7 இன்ச், 160-ஆல் பெருக்கினால் 600-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதைவிடச் சின்னதாகச் செய்தால் ஆப்கள் ஃபோன் தோற்றத்துக்கு இறங்கிவிடும். தயாரிப்பாளர் அடர்த்தி எண்ணைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்து இதைச் சமாளிக்கலாம், பலர் செய்கிறார்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும், அவ்வளவுதான்.

இப்போது தொழிற்சாலை. பேனல் தனித்தனியாகச் செய்யப்படுவதில்லை. பெரிய கண்ணாடித் தகட்டில் பல திரைகளை ஒரே நேரத்தில் உருவாக்கி, பிறகு வெட்டுகிறார்கள். ஒரே துணியில் எத்தனை சட்டை தேறும் என்று தையற்காரர் புரட்டிப் புரட்டிப் போட்டுப் பார்ப்பார் இல்லையா, அதே கவலைதான் இங்கேயும். தொழிற்சாலைகளைக் கண்ணாடித் தகட்டின் அளவை வைத்துத் தலைமுறைகளாகப் பிரிக்கிறார்கள்; ஆறாம் தலைமுறைத் தொழிற்சாலையின் கண்ணாடி 1500-க்கு 1850 மி.மீ. இதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16:10-இல் 10.1 இன்ச் திரை 217.5-க்கு 136 மி.மீ. ஓரத்துக்கும் வெட்டுக்கும் நீளத்தில் 8, அகலத்தில் 9 மி.மீ. சேர்ப்போம், தகட்டின் விளிம்பில் சுற்றிலும் 10 மி.மீ. வீண் என்றும் வைத்துக்கொள்வோம். (ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இந்த ஓரங்கள் வேறுபடும், இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.) ஒரு துண்டு 225.5-க்கு 145. நீளவாட்டில் எட்டு, அகலவாட்டில் பத்து, மொத்தம் 80 துண்டுகள் தேறும்.

இப்போது விற்பனைப் பிரிவு வந்து, போட்டியாளரைவிடக் கொஞ்சம் பெரிதாக, 10.4 இன்ச் வேண்டும் என்கிறது. துண்டு 232-க்கு 149 ஆகிறது. எட்டுத் துண்டுகளுக்கு 1856 மி.மீ. வேண்டும்; கைவசம் இருப்பது 1830. எட்டாவது துண்டு 26 மி.மீ. வித்தியாசத்தில் விழுந்துவிட்டது. திருப்பிப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டுக்கு ஆறு, 72 தேறும். மூலைவிட்டத்தில் 3 சதவீதம் ஏற்றியதற்கு ஒவ்வொரு தகட்டிலும் பத்தில் ஒரு திரை போயிற்று. கண்ணாடி, ரசாயனம், இயந்திர நேரம் எல்லாம் அதேதான். வருகிற துண்டு மட்டும் குறைவு. அப்புறம் இன்னொன்று: தகட்டில் எங்கேயாவது ஒரு தூசி விழுந்தால் அது ஒரு துண்டைக் கெடுக்கும். துண்டு பெரிதானால் அந்த ஒரு தூசி கெடுக்கும் பரப்பும் பெரிது. எனவே வடிவமைப்பாளர் கேட்கிற அளவு வேறு, பேனல் தொழிற்சாலை ‘இங்கே வந்து நில்லுங்கள், லாபம்’ என்று காட்டுகிற அளவு வேறு. இடையில் எங்கோ கைகுலுக்குகிறார்கள். மிச்சமாகிற கண்ணாடிப் பட்டையில் வேறு அளவுத் திரையைச் சேர்த்து வெட்டும் வழியும் உண்டு. டிவி பேனல்களில் அது சாதாரணம். ஆனால் அந்த இரண்டாவது அளவை வாங்க ஆள் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்ய எல்லா நிறுவனத்துக்கும் வசதி கிடையாது. புதிய அளவில் பேனல் வேண்டுமென்றால் அதற்கென்று முகமூடித் தகடுகள் (திரையின் நுண்ணிய அமைப்பைக் கண்ணாடியில் பதிக்க உதவும் அச்சுகள்), சோதனைக் கருவிகள், பெரிய எண்ணிக்கையில் வாங்கிக்கொள்வோம் என்ற உறுதி எல்லாம் வேண்டும். சிறிய நிறுவனங்கள் அலமாரியில் இருக்கிற பேனலைத்தான் எடுக்கும். 10.1 இப்படி வந்த அளவு. 2009 வாக்கில் நெட்புக் எனப்பட்ட குட்டி லேப்டாப்கள் பெருவாரியாக 10.1 இன்ச்சில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அளவைச் செய்யும் தொழிற்சாலைகள் தயாராக இருந்தன. 2010-இல் கேலக்ஸி டேப், 2011-இல் பிளாக்பெர்ரி பிளேபுக், கிண்டில் ஃபயர் என்று வந்த மூன்றும் 7 இன்ச், மூன்றும் 1024-க்கு 600 பிக்சல். மூன்று நிறுவனங்களின் ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் போய் முடிந்தது என்று நான் நம்பத் தயாரில்லை. பேனல் சந்தை அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதே இயல்பான விளக்கம்.

சில எல்லைகள் இதில் எதற்குமே சம்பந்தமில்லாமல், மென்பொருள் உரிமத்தால் வந்தவை. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில், 9 இன்ச்சுக்குக் குறைந்த திரையுள்ள கருவிகளுக்கு விண்டோஸ் உரிமக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. மலிவு டேப்லெட் செய்பவருக்கு 8.9-க்கும் 9-க்கும் நடுவில் திடீரென்று ஒரு சுவர் எழும்பியது. எச்பி அந்த ஆண்டே ஸ்ட்ரீம் 7 என்று 7 இன்ச்சில் முழு விண்டோஸைக் கொண்டுவந்தது. இன்னொரு விதி, ஆஃபீஸ் ஆப்பில் இலவசமாகத் திருத்தும் வசதியை 10.1 இன்ச் வரை உள்ள திரைகளுக்கு மட்டும் வைத்தது. 9.7 இன்ச் ஐபேடில் இலவசமாகத் திருத்தலாம், 12.9-இல் சந்தா கட்ட வேண்டும். விரலோ கண்ணோ இதில் எங்கேயும் இல்லை. ஒரு வணிக முடிவு அளவுகோலில் கோடு கிழித்தது, அவ்வளவுதான்.

அண்டை வீட்டுக்காரர்களையும் பார்க்க வேண்டும். டேப்லெட் ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் வாழ்கிறது. 2011-இல் கேலக்ஸி நோட் 5.3 இன்ச்சில் வந்தபோது பலர் சிரித்தார்கள். சில வருடங்களிலேயே 6 இன்ச் ஃபோன் சாதாரணமாகிவிட்டது. 2012-இல் வரவேற்புப் பெற்ற நெக்சஸ் 7, 2013-இல் ஒரு திருத்தப் பதிப்போடு நின்றுபோனது. சட்டைப் பையில் ஏற்கெனவே பெரிய திரை இருக்கும்போது 7 இன்ச்சுக்குத் தனியாக யார் செலவழிப்பார்கள்? இன்று அந்த அளவு மலிவு டேப்லெட்களிலும் குழந்தைகளுக்கானவற்றிலும்தான் மிஞ்சியிருக்கிறது. ஐபேட் மினியே 2021-இல் 8.3 ஆகிவிட்டது. கீழிருந்து ஃபோன் தள்ள, டேப்லெட்கள் மேலே போய் லேப்டாப்பின் இடத்தை முட்டுகின்றன.

அங்கே போனதும் கீபோர்டு திரும்ப வந்து நிற்கிறது, இந்த முறை நிஜ கீபோர்டு. ஓர விசைகளையும் சேர்த்தால் ஒரு வரிசைக்குப் பதினைந்து விசை அகலம் வேண்டும், 19 மி.மீ. வீதம் 285 மி.மீ. 2018-இன் 12.9 இன்ச் ஐபேட் புரோவின் உடல் நீளம் 281 மி.மீ. கிட்டத்தட்ட நெருக்கடி இல்லாத கீபோர்டு. 2017-இல் 10.5 இன்ச் ஐபேட் புரோவை அறிமுகப்படுத்தும்போது அதில் முழு அளவு கீபோர்டு கிடைக்கும் என்பதை ஆப்பிள் பெரிதாகச் சொன்னது, 9.7-இல் ஓர விசைகளைச் சுருக்கித்தான் வைக்க முடிந்தது. அதன் உடல் நீளம் 240-இலிருந்து 251 மி.மீ. ஆனது, திரையோ 9.7-இலிருந்து 10.5-க்குத் தாவியது. 2018-இல் 11 இன்ச், உடல் நீளம் 248 மி.மீ.தான்! சாதாரண ஐபேடும் 9.7, 10.2, 10.9 என்று ஏறியது. கைக்குத் தெரியும் அளவு பெரிதாக மாறவில்லை. அண்மைக் கால அரைகுறை எண்களில் பாதி இப்படி வந்தவை: உடலை அப்படியே வைத்துக்கொண்டு கறுப்புச் சட்டத்தைத் தின்னத் தின்ன, மூலைவிட்டம் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் புதிய எண்.

பேட்டரி, பிக்சல் பற்றிச் சுருக்கமாக. திரை பெரிதானால் மின்சாரம் அதிகம் குடிக்கும், ஆனால் பின்னால் பேட்டரிக்கும் அதே விகிதத்தில் இடம் கிடைக்கும். அதனால் அளவு கூடுவது அவ்வளவு பிரச்சினை இல்லை, அடர்த்தி கூடுவதுதான் பிரச்சினை. 2012-இல் ஐபேட் அளவு மாறாமல் பிக்சலை நாலு மடங்காக்கியபோது பேட்டரி 25-இலிருந்து 42.5 வாட்-மணியாக வேண்டியிருந்தது, உடல் 0.6 மி.மீ. தடித்து, 50 கிராம் எடை கூடியது. எவ்வளவு அடர்த்தி போதும் என்பதற்குக் கண்ணிலிருந்து உள்ள தூரம் அடிப்படை. டேப்லெட்டை 15 இன்ச் தூரத்தில் பிடிப்பதாக ஆப்பிள் அப்போது கணக்குச் சொன்னது. அந்தத் தூரத்தில் சாதாரணக் கண் இன்ச்சுக்கு 230 பிக்சலுக்கு மேல் பிரித்துப் பார்க்காது. 264 தாராளம்.

இத்தனை கணக்குக்கும் பிறகும் தவறுவார்கள். சாம்சங் 2015-இல் கேலக்ஸி வியூ என்று 18.4 இன்ச்சில் ஒன்றைக் கொண்டுவந்தது. எடை 2.65 கிலோ, தூக்கிப் போகக் கைப்பிடியும் நிறுத்த ஒரு தாங்கியும் இருந்தன. கைப்பிடி வைக்க வேண்டி வந்தபோதே அது டேப்லெட்டா, சின்ன டிவியா என்று கேட்டிருக்கலாம். ஆனால் அதே சாம்சங் 2022-இல் டேப் எஸ்8 அல்ட்ராவை 14.6 இன்ச்சில் 726 கிராமுக்குக் கொண்டுவந்தபோது அது ஒரு வரிசையாகவே நிலைத்துவிட்டது. எடையைப் பாருங்கள்: 9.7 இன்ச்சான முதல் ஐபேடைவிட 46 கிராம்தான் அதிகம். 2010-இல் கை மறுத்த அளவை 2022-இல் கை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் ரசனை மாற்றம் என்பதைவிட, உடல் மெலிந்ததுதான்.

கண்ணாடியும் மாறிக்கொண்டிருக்கிறது. டேப்லெட், லேப்டாப்களின் ஓலெட் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும்) திரைகளுக்காக 8.6-ஆம் தலைமுறைத் தொழிற்சாலை அமைப்பதாக சாம்சங் டிஸ்பிளே 2023 ஏப்ரலில் அறிவித்தது. பிறகு சீனாவின் பிஓஇ நிறுவனமும் அறிவித்தது. தகடு 2290-க்கு 2620 மி.மீ. மேலே போட்ட அதே கணக்கை, அதே ஓரங்களோடு இதில் போட்டால் 10.1 இன்ச் 170 துண்டுகள், 10.4 இன்ச் 165. பழைய தகட்டில் பத்து சதவீதம் இழப்பாக இருந்த அளவு இங்கே 3 சதவீதத்தில் முடிகிறது. அந்த விற்பனைப் பிரிவு இப்போது வந்து கேட்டால் தொழிற்சாலை அவ்வளவு முகம் சுளிக்காது. எந்த அளவுகள் அடுத்து ‘இயல்பானவை’ ஆகப்போகின்றன என்று ஊகிக்க விரும்புபவர்கள் புதுத் தகட்டின் இரண்டு பக்கங்களையும் எழுதி வைத்துக்கொண்டு வகுத்துப் பார்க்கலாம்.